பங்குக் கோயில் என்னும் தாய்வீடு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் காலனியில் உள்ள வழிபாட்டு இல்லங்களைப் பற்றிச் சமயத்துக்கு ஒருவராகப் பேச வேண்டும் என்று சங்கத்தார் இவ்வாண்டு பணித்துள்ளனர். கத்தோலிக்கக் குடும்பங்களின் சார்பில் பேசும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. யாம் இறையியல் கற்றவர் அல்லேம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். ஆயினும் பெரியோர் இட்ட பணியைத் தட்டுதல் முறையன்று. எமக்குத் தெரிந்த அளவில் இரண்டு செய்திகளைச் சொல்ல விழைகின்றோம். ஒரு பங்கு மக்களுக்குக் கோயில் என்பது எவ்வாறு வீடாகின்றது என்பது முதலாவது. நம் தமிழ்க் கத்தோலிக்கருக்கு இவ்வூரில் தனிக்கோயில் வேண்டுமா என்று அண்மையில் எழுந்துள்ள வினா இரண்டாவது. முதலாவதற்கு விடை கண்டால் இரண்டாவதற்கு வழி பிறக்கும் என்பது எம் எண்ணம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். கோ என்றால் அரசன், இறைவன். இல் என்றால் வீடு. ஆகவே கோயில் என்பது இறைவன் வீடு. தமிழ்நாட்டில் எச்சமயத்தவரும் "மாதா கோயில்" என்றே சொல்லக் கேட்கின்றோம். வேற்றுமை பாராட்டாத அழகிய வழக்கு அது. நாம் பிழைக்க வந்த இந்த வடபுலத்திலோ "கிர்ஜா" என்கின்றனர். போர்ச்சுகீசியரின் "இக்ரேஜா" என்னும் சொல் திரிந்து அவ்வாறு ஆயிற்று. அதன் மூலம் கிரேக்க மொழியில் உள்ளது. அழைக்கப்பெற்றுக் கூடிய மக்கள் அவை என்பது அதன் பொருள். தமிழ்ச் சொல் வீட்டைச் சுட்டுகின்றது. வடபுலத்துச் சொல் வீட்டில் கூடிய மக்களைச் சுட்டுகின்றது. இரண்டும் சேர்ந்தால்தான் பொருள் நிறைவு பெறும். மக்கள் இல்லாத கோயில் வெறும் சுவர். கோயில் இல்லாத மக்கள் சிதறிய கூட்டம்.

இன்னொரு சொல்லும் உண்டு. ஒரு குருவின் பொறுப்பில் உள்ள மக்கள் தொகுதியை நாம் "பங்கு" என்கின்றோம். பங்கு என்றால் உரிமையுள்ள கூறு. அண்ணன் தம்பிகளுக்குப் பிதிரார்ச்சிதத்தில் பங்கு இருப்பது போல, அக்கோயிலின் மக்கள் ஒவ்வொருவர்க்கும் அதில் பங்கு உண்டு. விருந்தினர்க்கு உபசாரம் உண்டு, பங்கு இல்லை. பங்குள்ளவர்க்கோ உரிமையும் உண்டு, கூரை ஒழுகினால் கவலையும் உண்டு.

கிறித்தவர்களுக்குத் தொடக்கத்தில் கோயிற் கட்டடம் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. முதல் நூற்றாண்டில் அடியார்கள் வீடுகளிலேயே கூடி அப்பம் பகிர்ந்தனர். புனித பவுல் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில், கூடாரம் செய்யும் தொழிலாளர்களாகிய அக்கிலா, பிரிஸ்கா என்னும் தம்பதியரின் வீட்டில் கூடும் சபைக்கு வாழ்த்துச் சொல்கின்றார். அத்தம்பதியரும் ஊர்விட்டு ஊர் சென்று பிழைத்தவர்களே என்பதை நம்மைப் போன்ற மாற்றல்காரர்கள் நினைவிற் கொள்ளுதல் தகும். யூப்ரத்தீஸ் ஆற்றங்கரையில் துரா-யூரோப்பஸ் என்னும் பழம்பட்டினத்தை அகழ்ந்தபோது, மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சாதாரண வீட்டின் இரு அறைகளை ஒன்றாக்கித் தொழுகைக் கூடமாக அமைத்திருந்தது வெளிப்பட்டது. 313-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் மன்னன் வழிபாட்டு உரிமை அளித்த பின்னரே பெரிய ஆலயங்கள் எழுந்தன. ஆகவே வீடுதான் கோயிலாக வளர்ந்தது. அவ்வீட்டுத் தன்மையை இழந்த கோயில், எத்துணை உயர்ந்த கோபுரம் உடையதாயினும், தன் பிறப்பை மறந்ததாகும்.

கோயிலை நேர்ந்தளிக்கும் சடங்கைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். மேற்றிராணியார் பலிபீடத்தின்மேல் நறுமணத் தைலம் ஊற்றிப் பூசுகின்றார். சுவர்களிலும் பன்னிரண்டு இடங்களிலோ நான்கு இடங்களிலோ அதே தைலத்தால் சிலுவை வரைகின்றார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபின் உச்சியில் பூசுவதும் அத்தைலமே. உறுதிபூசுதலில் நெற்றியில் இடுவதும் அதுவே. மனிதனுக்குச் செய்யும் திருமுழுக்கைப் போன்று கட்டடத்துக்கும் செய்கின்றனர். ஏன்? அக்கட்டடம் அம்மக்களின் உருவமாக நிற்கின்றது என்பதனாலேயே.

வாயிலருகே ஞானஸ்நானத் தொட்டி. பச்சிளங் குழந்தையாய் அதன் வழியே உள்ளே வருகின்றோம். பலிபீடத்தின் முன் மாலை மாற்றி மனையறம் ஏற்கின்றோம். இறுதியில் அதே பீடத்தின் முன் நம் பெட்டியை வைத்து, தண்ணீர் தெளித்துத் தூபம் காட்டி வழியனுப்புகின்றனர். வாயிலுக்கும் பீடத்துக்கும் இடையே உள்ள நூறடித் தொலைவுக்குள் ஒருவன் வாழ்வு முழுவதும் அடங்கிவிடுகின்றது.

எழுத்தர் என்னும் முறையில் எம் உள்ளத்தைக் கவர்வது வேறொன்று. அது கோயிலில் உள்ள பதிவேடு. ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பங்குக் குரு ஏடு வைத்துப் பேண வேண்டும் என்று 1563-ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் 1983-ஆம் ஆண்டில் வெளியானது. அதன்படி ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் ஏட்டில், அவர் பெயருக்கு எதிரே, பிற்காலத்தில் அவர் பெற்ற உறுதிபூசுதலையும் திருமணத்தையும் குருப்பட்டத்தையும் குறிக்க வேண்டும். அவர் எந்த ஊரில் மணம் புரிந்தாலும் செய்தி பிறந்த பங்குக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். நம் பணிப் பதிவேடு நாம் ஓய்வு பெறும் நாளோடு முடிகின்றது. குவார்ட்டர்ஸ் எண் மாற்றலுக்கு மாற்றல் மாறுகின்றது. குடும்ப அட்டையில் முகவரி மாறுகின்றது. ஆனால் நாகப்பட்டினத்துக்கு அருகிலோ, பாளையங்கோட்டைப் பக்கத்திலோ, ஒரு சிற்றூர்க் கோயிலின் பழுப்பேறிய ஏட்டில் நம் பெயர் ஒரு வரியில் நிற்கின்றது. நாம் எங்கே சென்றாலும் அவ்வரி நம்மைத் தொடர்ந்து வருகின்றது. நம் மக்கள் பலரின் பெயர் இந்தக் காலனிக் கோயிலின் ஏட்டில் உள்ளது. நாளை அவர்கள் அமெரிக்காவில் மணம் புரிந்தாலும் செய்தி இங்கே வந்தாக வேண்டும். மாற்றலாகிக்கொண்டே இருக்கும் மக்களுக்கு மாறாத ஒரு முகவரி உண்டெனில் அஃது இதுவே அன்றோ?

கட்டடம் எதற்கு, மனத்தூய்மை போதாதா என்று கேட்போர் உண்டு. அதற்கு விடையை 2020-ஆம் ஆண்டு கொடுத்தது. கொள்ளைநோய் பரவி நாடடங்கிய அந்நாள்களில் எல்லாச் சமயக் கோயில்களும் அடைபட்டன. மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள், உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் தனித்து நின்று திருத்தந்தை பிரான்சிஸ் செபித்த காட்சியை உலகமே கண்டது. நாமும் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்துப் பூசை கண்டோம். வேளாங்கண்ணிப் பூசையைத் தமிழிலேயே காண முடிந்தது. ஆயினும் மனம் நிறைந்ததா? இல்லை. பூசை முடிந்தபின் வாசலில் நின்று, "மகனுக்கு வேலை கிடைத்ததா? அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்பார் இல்லை. அவ்வாசற்பேச்சும் வழிபாட்டின் ஒரு பகுதியே என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

தமிழ்நாட்டிலும் கோயில்கள் அவ்வாறே குடிகளின் வீடாக விளங்கியுள்ளன. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலை எடுத்துக்கொள்வோம். 1582-இல் எழுந்த அக்கோயில், முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த பரதகுல மக்களின் நெஞ்சத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலவுகின்றது. 1806-இல் முதன்முதலாக ஓடிய பொற்றேர் இன்றும் அம்மக்களின் பெருமை. 1982-இல் அது பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியதோடு அமையவில்லை. கோனான்குப்பத்தில் அன்னைக்குக் கோயில் எடுத்து, பெரியநாயகி என்று தமிழ்ப் பெயரும் சூட்டினார். தம் வீட்டில் தம் மொழியில் தம் தாயைத் தமிழர் அழைக்க வேண்டும் என்பதை அயல்நாட்டார் ஒருவர் உணர்ந்திருந்தார்.

இவ்வளவும் பெருமைக்குரியன. ஆனால் பெருமையை மட்டும் பேசினால் உரை முழுமையாகாது. வீடு என்றால் அதில் பங்காளிச் சண்டையும் உண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1872-இல் முடிவுற்ற திருக்குடும்ப ஆலயத்துக்கு ஒரே பீடம். ஆனால் மக்கள் நிற்கும் கூடம் இரண்டு. கத்தரிக்கோலின் இரு கால்களைப் போல அவை பிரிந்து சென்று பீடத்தருகே மட்டும் ஒன்று கூடின. ஒரு கூடத்தில் தம்மை உயர்ந்தோராகக் கருதிய சாதியார், மற்றதில் ஏனையோர். பீடத்தை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண இயலாது. கடவுளின் முகம் காண வந்தவர்கள், அயலான் முகம் காணாதபடி சுவர் வைத்துக்கொண்டனர். 1910-ஆம் ஆண்டில் கௌசானல் என்னும் சேசு சபைக் குரு அப்பிரிவினைச் சுவரை அகற்றினார். பெரும் பூசல் எழுந்தது. வழக்கு மன்றம் ஏறியது. பிரிவினையை நிலைநாட்டக் கோரியவர்களுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடங்கொடுக்கவில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்ட பிள்ளை என்பார் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகியவர் அவர். 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. ஓர் ஊர் இரண்டு பாடங்களைத் தந்தது. ஒன்று, சுவர் எடுக்கும் பாடம். மற்றொன்று, உயிரையே கொடுத்துச் சுவரைக் கடந்த பாடம். நாம் எதைக் கற்கப் போகின்றோம்?

இனி இரண்டாவது செய்திக்கு வருகின்றோம்.

நம் முன்னோர் இந்த ரயில்வே காலனிகளுக்கு வந்த காலத்தில் பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. நாகப்பட்டினத்திலும் இலத்தீன், நாக்பூரிலும் இலத்தீன். யார்க்கும் முழுதும் விளங்கவில்லை. ஆதலால் யாரும் அந்நியர் இல்லை. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டு, மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. தமிழ்நாட்டில் பூசை தமிழாயிற்று. செவிகுளிரக் கேட்டனர்; வாயாரப் பாடினர். அதே கதவு இங்கே இந்திக்குத் திறந்தது. இது நியாயமே, இவ்வூர் மக்களின் மொழி அதுவே. ஆனால் தமிழன்னை ஒருத்தி பின்வரிசையில் அமர்ந்து, விளங்காத பிரசங்கத்தைக் கேட்டு, செபமாலையை உருட்டியவாறு இருக்கும் நிலையும் வந்தது. எல்லார்க்கும் வீட்டுமொழி கிடைத்தபோது, பிழைக்கப் போனவர்களுக்கு மட்டும் அது கிட்டாமற் போயிற்று.

இக்குறை சிறிதன்று. வாழ்த்துப்பாவை எம்மொழியிலும் பாடிவிடலாம். ஆனால் செய்த பாவத்தை அறிக்கையிடவும், சாகும் தறுவாயில் ஆறுதல் கேட்கவும் தாய்மொழி அன்றி வேறு மொழி வராது. இதனைத் திருச்சபையும் உணர்ந்துள்ளது. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், புலம்பெயர்ந்தோரின் ஆன்ம நலனுக்கென்றே ஒரு சாசனம் வெளியிட்டு, அவரவர் மொழி அறிந்த குருக்கள் கிடைக்க வழிசெய்தார். மொழியை அடிப்படையாகக் கொண்டு தனிப்பங்கு அமைக்கவும் இன்றைய சட்டம் இடங்கொடுக்கின்றது. ஆகவே தமிழருக்குத் தனிக்கோயில் வேண்டும் என்று கேட்கும் நம் சகோதரர்கள் தகாதது எதையும் கேட்கவில்லை. தில்லியில் வாழும் தமிழ் அன்பர்கள் முயன்று, 1973-இல் சுவாமிநாதப் பெருமானுக்கு மலைக்கோயில் எழுப்பிக் குடமுழுக்குச் செய்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவதும் பொருத்தமே.

இருந்தும் யாம் தயங்குகின்றோம். காரணம் மூன்று.

முதலாவது, எண்ணிக்கை. தில்லி தலைநகரம், நாமோ சில பத்துக் குடும்பங்கள். அவற்றுள் பணி ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவோர் பலர். நம் பிள்ளைகளோ பெங்களூருக்கும் புனேவுக்கும் செல்கின்றனர். கட்டுவது எளிது, இருபது ஆண்டுகளுக்குப் பின் விளக்கேற்றுவார் யார்? கூட்டிப் பெருக்குவார் யார்? பூட்டிய கோயிலைப் பார்ப்பதினும் துயரம் வேறில்லை.

இரண்டாவது, நம் பிள்ளைகள். அவர்கள் தோழமை இங்குள்ள பிள்ளைகளோடு வளர்கின்றது. இப்பங்கில் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து வந்த உராவ், முண்டா, கரியா மக்கள் உள்ளனர். பெல்ஜிய நாட்டுக் குருவாகிய கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885 முதல் அம்மக்களிடையே உழைத்தார். நில உரிமைக்காக அவர்கள் பட்ட பாட்டில் அவர்களோடு நின்றார். அதன் பயனாய் எழுந்த திருச்சபை அது. மலையாளிகள் உள்ளனர், கோவாவினர் உள்ளனர், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் உள்ளன. இத்தனை மொழியினரும் ஒரு பெஞ்சில் அமரும் இடம் இக்காலனியில் வேறெங்கும் இல்லை. ஊரில் எந்தத் தெரு, எந்தக் குலம் என்று கேட்கப்பட்டவர்களும் இங்கே கேள்வியின்றி அமர்கின்றனர். அந்த விடுதலையை நம் கையாலேயே குறைத்துக்கொள்ளலாமா?

மூன்றாவது, சுவர். சாதியால் எடுத்த சுவரும் மொழியால் எடுக்கும் சுவரும் ஒன்றென்று யாம் கூறவில்லை. முன்னது இழிவிலிருந்து பிறந்தது. பின்னது ஏக்கத்திலிருந்து பிறக்கின்றது. ஆனால் எடுத்தபின் இரண்டும் ஒரு வேலையைத்தான் செய்யும். அயலான் முகத்தை மறைக்கும்.

அவ்வாறாயின் பின்வரிசைத் தாய் என்ன செய்வாள்? அவளுக்கு விடை கூறாமல் ஒற்றுமை பேசுவது அறமன்று. ஆகவே வரும் மாதம் கூடவுள்ள நம் குடும்பங்களின் கூட்டத்தில் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்க எண்ணியுள்ளோம்.

திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, நம் பங்குக் கோயிலிலேயே தமிழ்ப் பூசை நடக்க ஆவன செய்யுமாறு பங்குக் குருவை வேண்டுவோம். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பாவசங்கீர்த்தனம் கேட்கத் தமிழறிந்த குரு ஒருவரை வரவழைப்போம். பயணச் செலவை நாம் ஏற்போம்.

ஆகஸ்டு 29-இல் கொடியேற்றி, செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணி அன்னையின் திருநாளைப் பங்கு முழுவதன் திருநாளாக்குவோம். செபமாலையில் ஐந்து பத்து மணிகள் உள்ளன. ஒன்று தமிழில், ஒன்று இந்தியில், ஒன்று மலையாளத்தில், ஒன்று கொங்கணியில், ஒன்று சாத்ரியில் சொல்வோம். அன்னைக்கு எல்லா மொழியும் விளங்கும். நமக்கும் பையப்பைய விளங்கும்.

நம் சங்கம் ஞாயிறுதோறும் நடத்தும் தமிழ் வகுப்புக்கு நம் பிள்ளைகளைத் தவறாது அனுப்புவோம். இந்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்கள் குறளும் படிக்கட்டும்; வீட்டில் மாலைச் செபத்தைத் தமிழில் சொல்லட்டும். வீட்டில் தமிழ் இல்லையேல், தமிழுக்கென்று எடுக்கும் கோயிலில் அதனைப் பேசப்போவது யார்?

தனிக்கோயிலுக்கென்று இதுவரை சேர்ந்த தொகையில், கொடுத்தவர்கள் இசைந்தால், மழைக்கு ஒழுகும் நம் பங்குக் கோயிலின் தாழ்வாரக் கூரையை மாற்றுவோம். எஞ்சியதைத் திரும்பக் கொடுப்போம். பங்குள்ளவர்க்கே கூரைக் கவலை என்று முன்னர்ச் சொன்னோம். கூரை வேய்ந்தவன் பின்வரிசையில் அமர்ந்தாலும் அந்நியன் ஆகான்.

முடிவை ஆய்ந்து எடுக்க வேண்டியவர்கள் நம் குடும்பங்கள் அனைவரும். பெரும்பான்மையோர் தனிக்கோயிலே வேண்டும் என்று துணிந்தால், யாமும் கல் சுமக்கப் பின்வாங்கோம். அப்பொழுதும் அதன் கதவு எம்மொழியார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்றையே கேட்போம்.

பிற சமயத்து அன்பர்களே! எங்கள் வீட்டுச் செய்தியை உங்கள் முன் இவ்வளவு விரிவாகப் பேசியது, உங்களையும் உறவாகக் கருதுவதனாலேயே. வேளாங்கண்ணிக்கு 1962-இல் பசிலிக்கா என்னும் பட்டத்தைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அளித்தார். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே, அங்கே காணிக்கை செலுத்தி அன்னையைத் தங்கள் தாயாக்கிக்கொண்டவர்களுள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. 2010-இல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு இருப்புப்பாதை திறந்தபோது, ரயில்வே ஊழியர் யாவரும் சமய வேறுபாடின்றி மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியே நம் உறவுக்குச் சான்று. நீங்களும் உங்கள் கோயில்களைப் பற்றி இதே வினாக்களை எழுப்பிக்கொள்வீராயின், நம் சங்கம் வளம் பெறும்.

பிழைப்புக்காக வீடு மாறுவது நம் தலையெழுத்து. ஆனால் கோயில் என்னும் தாய்வீடு சென்ற ஊரிலெல்லாம் நமக்காகக் காத்திருக்கின்றது. அங்கே நம் மொழியில் பேசும் உரிமையைக் கேட்டுப் பெறுவோம். பிறர் மொழியைச் செவிமடுக்கும் கடமையையும் மறவோம்.